சிங்கப்பூர்ல சைல்ட்கேர் சப்சிடி கேக்குறப்ப எந்த வருமானத்த கணக்குல எடுக்குறாங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். 2025 ஜனவரியிலருந்து ஆங்கர் ஆபரேட்டர் (அரசாங்க நிதியோட, கட்டண உச்சவரம்போட சென்டர் நடத்துறவங்க) சைல்ட்கேர்ல முழுநாள் கட்டணம் மாசம் 640 வெள்ளிக்கு மேல போகக்கூடாது, முன்னாடி 680 இருந்துச்சு, அதே மாதிரி அரசாங்க ஆதரவு உள்ள பார்ட்னர் ஆபரேட்டர்னா 720லருந்து 680க்கு இறங்கிருச்சு, ஜிஎஸ்டி தனின்னு. அவ்வளவுதான் போட்டது. (அது 2025 கட்டணம், 2026 ஜனவரியிலருந்து 610, 650ன்னு இறங்கிருச்சு; கீழ 640ன்னு போட்ட கணக்கெல்லாம் 2025 கட்டணத்த வச்சு.) ஆனா வந்த கேள்வியில கட்டணத்த பத்தி கேட்டவங்க ரொம்ப கம்மி, எல்லாரும் "எங்க சம்பளத்துக்கு எவ்வளவு கிடைக்கும், ஏன் எங்களுக்கு மட்டும் கம்மி, மச்சினன் சம்பளத்த ஏன் சேக்குறாங்க" அப்டின்னுதான் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு.

அக்கா, வீட்டுக்காரருக்கு கையில 3,680 வெள்ளி வருது, எனக்கு 2,160. ரெண்டும் சேத்தா 5,840தான். 6,000க்கு கீழ இருக்குற வருமானப் படியில எங்களுக்கு வரும்னு நம்பி சென்டர்ல சேத்தோம், இப்ப பாத்தா அதுக்கு அடுத்த படியில போட்டிருக்காங்க, சப்சிடி கம்மியா வந்துருக்கு. தப்பா கணக்கு போட்டுட்டாங்களா? – யீஷூன் வாசகி

தப்பு அவங்க கணக்குல இல்லம்மா, நீங்க பாத்த நம்பர்லதான். பேங்க்ல வந்து விழுற காச வச்சு நீங்க கூட்டியிருக்கீங்க, அவங்க சிபிஎஃப் (சம்பளத்துல பிடிக்கிற மத்திய சேமநிதி) பிடிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற காச கூட்டுவாங்க. 55 வயசுக்கு உள்ள இருக்குறவங்களுக்கு நம்ம பங்கு 20 விழுக்காடு பிடிக்கிறாங்கல்ல, அத திருப்பி சேத்து பாருங்க, உங்க வீட்டுக்காரருக்கு 4,600, உங்களுக்கு 2,700, மொத்தம் 7,300. பாலர் பருவக் கல்வியையும் சப்சிடியையும் பாத்துக்கற அரசாங்க அமைப்பான இசிடிஏவோட பட்டியல்ல அது 6,001லருந்து 7,500 வரைக்கும் உள்ள படி, 4,501லருந்து 6,000 படி இல்ல. அதான் விஷயம்.

உங்க வீட்டுக்காரரோட பேஸ்லிப்ப எடுத்து மேலருந்து கீழ வரிவரியா பாருங்க. பேசிக்னு ஒரு தொகை, அதுக்கு கீழ ஓடி (ஓவர்டைம்), ஷிஃப்ட் அலவன்ஸ், டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ், அப்புறம் சிபிஎஃப் கழிவு, கடைசியில நெட். நாம எல்லாரும் கடைசி வரிய மட்டும் பாத்துட்டு மூடி வச்சிருவோம். சப்சிடிக்கு வேண்டியது அந்த கழிவுக்கு மேல இருக்குற அத்தனையும்தான். அடிப்படை சம்பளம், ஓடி, அலவன்ஸ், கமிஷன், போனஸ், ரொக்கமா தர்ற அவார்டு எல்லாம் உள்ள வரும். பேசிக் 3,500தான்னு சொல்லிட்டு இருப்பாங்க, ஓடியும் ஷிஃப்டும் சேந்தா ஆயிரம் வெள்ளி கூட இருக்கும், அது அவங்க ஞாபகத்துலயே இருக்காது. எனக்கு வர்ற கேள்வியில பாதிக்கு மேல இந்த ஒரு இடத்துலதான் இடிக்குது, சம்பளம்னு கேட்டா கைக்கு வர்றதத்தான் சொல்லி பழகிட்டோம்.

நாங்க மாமியார் வீட்ல இருக்கோம். நான், கணவர், 3 பிள்ளைங்க, மாமியார், கொழுந்தனார். கணவருக்கு 5,200, எனக்கு 3,000, கொழுந்தனாருக்கு 4,300. அவர் தனக்குன்னு சம்பாதிக்கிறாரு, வீட்டு செலவுக்கு ஒரு வெள்ளி தர்றதில்ல, அவர் காச எதுக்கு எங்க கணக்குல சேக்கணும்? சேத்தா 12,000 தாண்டிருதுன்னு சொல்றாங்க. – உட்லண்ட்ஸ்

ஏன் கோவம்னு புரியுதும்மா, ஆனா விதி "யாரு செலவுக்கு தர்றா"ன்னு பாக்குறதில்ல, பாக்கவும் முடியாது, ஒவ்வொரு வீட்டுலயும் போயி யாரு அரிசி வாங்குறான்னு விசாரிக்க முடியுமா? ஒரே விலாசம் ஐசியில (அடையாள அட்டையில) இருக்கணும், ரத்த உறவு இல்ல கல்யாண உறவு இல்ல சட்டப்படி தத்து எடுத்த உறவு இருக்கணும், அந்த ரெண்டும் இருந்தா அது ஒரு குடும்பம், அதுல வேலை பாத்து சம்பாதிக்கிற எல்லாரோட வருமானமும் உள்ள வரும். உங்க கொழுந்தனாரும் அதுக்குள்ள வந்துட்டாரு. கூட்டினா 12,500. குடும்ப வருமானத்துக்கு கோடு 12,000, 2020 ஜனவரியிலருந்து அதுதான், அதுக்கு முன்னாடி 7,500 இருந்துச்சு. ஆக அந்த வழியில போனா, அடிப்படை சப்சிடிக்கு மேல வருமானத்த பாத்து தர்ற கூடுதல் சப்சிடி உங்களுக்கு இல்ல.

ஆனா பாருங்க, இங்கதான் நிறைய பேரு திரும்பி வந்துர்றாங்க. பெரிய குடும்பத்துக்கு இன்னொரு வழி இருக்கு, தலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சு பாக்குற வழி. 5 பேரோ அதுக்கு மேலயோ இருந்து, அதுல சம்பாதிக்காதவங்க பல பேரு இருந்தா, மொத்த வருமானத்த தலையால வகுக்க சொல்லி கேக்கலாம், தலைக்கு 3,000 வெள்ளிக்குள்ள இருந்தா சரி. உங்க வீட்ல 7 பேரு, 3 பிள்ளைங்களும் மாமியாரும் சம்பாதிக்கல. 12,500ஐ 7ஆல வகுத்தா 1,786 கூட வரல. 3,000க்கு எவ்வளவோ கீழ! அதோட நிக்கல, பட்டியல்ல தலைக்கு 1,501லருந்து 1,875 வரைக்கும்ங்கிற படி குடும்ப வருமானம் 6,001லருந்து 7,500 உள்ள படிக்கு சமம். அதாவது 12,500 சம்பாதிக்கிற உங்க வீட்டுக்கும், மேல கேட்ட யீஷூன் வாசகியோட 7,300 வீட்டுக்கும் ஒரே சப்சிடி. கொழுந்தனார் சம்பளத்த கொண்டு வந்தாலும் கூடவே மாமியார் தலையும் அவர் தலையும் வகுக்குறதுக்கு வருதுல்ல, அதான்.

விண்ணப்பத்துல அந்த கட்டத்த தேர்ந்தெடுக்காம விட்டா அந்த வழி தெரியாமயே போயிரும், அதனால சென்டர்ல வாயத்தொறந்து கேளுங்க, "எங்களுக்கு தலைக்கு கணக்கு போட்டா நல்லதா"ன்னு.

இன்னொன்னு, உங்க கடிதத்துல கடைசியில "கொழுந்தனார் விலாசத்த நண்பர் வீட்டுக்கு மாத்திட்டா?"ன்னு கேட்டிருக்கீங்க, அத நான் மேல போடல. உண்மையாவே வீடு மாறுனா 28 நாளுக்குள்ள ஐசி விலாசத்த மாத்தியாகணும், அது சட்டம். இங்கயே படுத்து இங்கயே சாப்ட்டுட்டு விலாசம் மட்டும் வேற எடத்துல இருந்தா அதுவும் சட்டப்படி குத்தம்தான். சப்சிடி காசுக்காக அந்த வேலையெல்லாம் வேணாம்மா, அதுவும் உங்களுக்கு நேர்வழியே தொறந்து கெடக்கும்போது.

என் பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து 13,000 வெள்ளிக்கு மேல சம்பாதிக்கிறாங்க. சப்சிடியே கிடையாதுன்னு சொல்றாங்க. பேரன சைல்ட்கேர்ல விடுறதா, நானே பாத்துக்கறதான்னு வீட்ல தினம் பேச்சு. தாத்தா பாட்டி பாத்துக்கிட்டா காசு ஏதும் தருவாங்களா? – தெம்பனிஸ் தாத்தா

வணக்கம் ஐயா. "சப்சிடியே கிடையாது"ங்கிறது சரி இல்ல, கூடுதல் சப்சிடி மட்டும்தான் கிடையாது. இது ரெண்டு அடுக்கு. அடிப்படை சப்சிடி ஒண்ணு, அதுக்கு வருமானக் கோடே இல்ல, குழந்தை சிங்கப்பூர் குடிமகனா இருக்கணும், இசிடிஏ உரிமம் உள்ள சென்டர்ல இருக்கணும், அம்மா மாசத்துக்கு 56 மணி நேரமாச்சும் வேலை பாக்கணும். அப்படின்னா முழுநாள் சைல்ட்கேருக்கு 300 வெள்ளி வரைக்கும், இன்ஃபன்ட் கேருக்கு (கைக்குழந்தை பராமரிப்பு) 600 வெள்ளி வரைக்கும். உங்க பொண்ணு 13,000 சம்பாதிச்சாலும் சரி, 30,000 சம்பாதிச்சாலும் சரி. அதுக்கு மேல வர்ற கூடுதல் சப்சிடிக்குத்தான் 12,000 கோடு.

640 வெள்ளி சென்டர்னா ஜிஎஸ்டி 9 விழுக்காடு சேத்து 697.60, அதுல 300 போனா 397.60 அவங்க கட்டணும். அதையும் குழந்தையோட சிடிஏ (பிள்ளை மேம்பாட்டுக்குன்னு உள்ள சேமிப்பு) கணக்குல இருந்து கட்டலாம், அதுக்கும் வருமானம் கேக்க மாட்டாங்க. 2023 பிப்ரவரி 14லருந்து பொறந்த குழந்தைன்னா அந்த கணக்குல முதல்லயே 5,000 வெள்ளி போட்டு தர்றாங்க, அப்புறம் பெத்தவங்க போடுற காசுக்கு ஈடா முதல் குழந்தைக்கு 4,000 வரைக்கும் அரசாங்கம் போடும், ரெண்டாவதுக்கு 7,000 வரைக்கும்.

தாத்தா கைக்கு காசு கிடையாது ஐயா. உங்க பொண்ணு தாத்தா பாட்டி பராமரிப்பு நிவாரணம்னு வரி போடுற வருமானத்துலருந்து 3,000 வெள்ளி கழிச்சுக்கலாம், நீங்க வேலைக்கு போகாம பேரன பாத்துக்கிட்டு இருந்தா. அதனால அவங்க வரி கொஞ்சம் குறையும், மிச்சமாகுறத உங்ககிட்ட கொடுக்கறது கொடுக்காதது உங்க பொண்ணோட மனசு!

வீட்டம்மாக்களுக்கு 150 வெள்ளிதான்னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க. கணவருக்கு 5,200 வெள்ளி. 4 வயசு பையன வீட்லயே வச்சிருக்கேன், 150க்காக எதுக்கு சேக்கணும்னு விட்டுட்டேன். – புக்கிட் பாத்தோக்

எதிர்வீட்டு அக்கா சொன்னது ஒரு காலத்துல சரியா இருந்துச்சு. வேலைக்கு போகாத அம்மாவோட குழந்தைக்கு 150 வெள்ளி அடிப்படை மட்டும்தான், கூடுதல் கெடையாது, அப்படித்தான் ரொம்ப நாள் ஓடுச்சு. 2024 டிசம்பர்ல அத மாத்திட்டாங்க. குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்குள்ள இருந்தா அம்மா வேலைக்கு போறாங்களா இல்லையான்னு பாக்காம வேலை பாக்குற அம்மாவுக்கு என்ன கிடைக்குமோ அதே கிடைக்கும்.

கணக்கு போட்டே காட்டுறேன். 640 வெள்ளி சென்டர், ஜிஎஸ்டியோட 697.60. பழைய விதியில 150 போக 547.60 கட்டணும், 5,200 சம்பளத்துல யாரு கட்டுவா, நீங்க விட்டதுல தப்பே இல்ல. இப்ப அடிப்படை 300, உங்க படிக்கு கூடுதல் 340 வரைக்கும், ஆக 640 போயி மிச்சம் 57.60. நாளைக்கே போயி கேளுங்கம்மா. எதிர்வீட்டு அக்காவுக்கும் சொல்லிருங்க, அவங்க இன்னும் எத்தனை பேருக்கு 150ன்னு சொல்லிட்டு இருக்காங்களோ.

ஆனா 6,000 தாண்டி, அம்மா வீட்ல இருந்தா பழைய கதைதான், 150. அந்த கோட்டுக்கு கொஞ்சம் மேல, 6,200, 6,500ன்னு ஒரே ஆள் சம்பாதிக்கிற வீடுங்களுக்கு இது ரொம்ப இடிக்கும், எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஆனா விதி அதுதான். அப்படி இருக்குறவங்க ஒண்ணு கவனிங்க, வேலை தேடிட்டு இருக்கீங்க, இல்ல உடம்பு முடியாம இருக்கீங்க, இல்ல கைக்குழந்தையோ நோயாளியோ வீட்ல பாத்துக்கறீங்கன்னா அந்த காரணத்த சொல்லி சென்டர் மூலமா சிறப்பு அனுமதி கேக்கலாம், காகிதம் காட்டணும்.

கணவர் பிரைவேட் ஹையர் கார் ஓட்டுறாரு, பேஸ்லிப் கிடையாது. ஆப்புல மாசம் 5,000 காட்டுது, பெட்ரோல், கார் வாடகை போக கைல நிக்கிறது கொஞ்சம்தான். நான் ஒரு கடையில வாரத்துக்கு 3 நாள் போறேன், 5 மணி நேரம். எந்த வருமானத்த எழுதறது? – செங்காங்

முதல்ல உங்க வேலை. வாரத்துக்கு 15 மணி நேரம், மாசத்துக்கு 60 வந்துரும், 56 தாண்டிருச்சு. அதனால நீங்க வேலை பாக்குற அம்மாதான், பார்ட் டைம்னு கூச்சப்பட்டு "வேலை இல்ல"ன்னு டிக் பண்ணிராதீங்க, நிறைய பேரு அப்படி பண்றாங்க.

அடுத்து அவர். சொந்தமா ஓட்டுறவங்களுக்கு பேஸ்லிப்புக்கு பதிலா ஐராஸ் (வருமான வரித்துறை) அனுப்புற நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட், அதாவது வரி மதிப்பீட்டுத் தாள் இருக்கு, அதுல டிரேட் இன்கம்னு ஒரு வரி இருக்கும். அது செலவு கழிச்சதுக்கு அப்புறம் வர்ற தொகை. டாக்ஸி, பிரைவேட் ஹையர் ஓட்டுறவங்களுக்கு ரசீது ஒண்ணொண்ணா சேத்து வைக்காம வருமானத்துல 60 விழுக்காட்ட செலவுன்னு கழிச்சுக்க ஐராஸ்லயே ஒரு வழி இருக்கு. அப்போ ஆப்பு காட்டுற 5,000 அப்படியே வருமானம் ஆகாது, அந்த 60ஐ கழிச்சா 2,000. அதனால வருமான வரி கட்ற அளவுக்கு நமக்கு வரலன்னு சொல்லிட்டு வரிக்கு கணக்கே கொடுக்காம இருக்காதீங்க, அந்த ஒரு தாள் இல்லன்னா சைல்ட்கேர்ல இருந்து எல்லா எடத்துலயும் மாட்டிப்பீங்க. சிபிஎஃப்ல மாசாமாசம் ஏறுற சம்பளக்காரங்களுக்கு அரசாங்கத்துக்கிட்டயே விவரம் இருக்கு, ஒப்புதல் கையெழுத்து போட்டா அவங்களே எடுத்துக்குவாங்க. சொந்தத் தொழில்காரங்கதான் அலைய வேண்டியிருக்கு.

வேலையில 100 வெள்ளி சம்பளம் ஏத்துறேன்னு சொல்றாங்க. இப்ப வீட்டு வருமானம் 4,450. ஏறுனா 4,550, படி மாறிடும், சப்சிடியில 100 வெள்ளி போயிரும்னு அக்கா பையன் சொல்றான். வேணாம்னு சொல்லிரட்டுமா? – அங் மோ கியோ தம்பி

அட தம்பி! சம்பள உயர்வ வேணாம்னு சொல்ற ஆள முதல் தடவையா பாக்குறேன், ஆனா கேள்வி நியாயமான கேள்வி. 3,001லருந்து 4,500 படிக்கு கூடுதல் சப்சிடி 440 வரைக்கும், 4,501லருந்து 6,000க்கு 340 வரைக்கும். காகிதத்துல பாத்தா 100 வெள்ளி போகுது, ஏறுனதும் 100, சிபிஎஃப் பிடிச்சா கையில 80, நட்டம் மாதிரிதான் தெரியும்.

ஆனா "வரைக்கும்"னு நான் திரும்ப திரும்ப எழுதுறேன்ல, அத பாருங்க. சப்சிடி கட்டணத்த விட கூட வராது. உங்க பிள்ளை ஆங்கர் ஆபரேட்டர் சென்டர்ல 697.60 கட்டணத்துல இருந்தா, 300ம் 440ம் சேத்தா 740, கட்டணத்த விட கூட. அந்த மிச்ச காச உங்ககிட்ட தர மாட்டாங்க. படி மாறுனா 640 கழியும், நீங்க கட்டுறது 57.60. அதனால உங்களுக்கு உண்மையில கூடுறது அதிகபட்சம் 57.60தான், 100 இல்ல, கையில ஏறுறது 80. சிபிஎஃப்ல உங்க பங்கு 20ம் முதலாளி பங்கும் வேற சேருது. வாங்கிக்கோங்க தம்பி.

ஆனா ரெண்டு பிள்ளை சைல்ட்கேர்ல இருந்தா, இல்ல கட்டணம் கூடுன தனியார் சென்டர்ல இருந்தா கணக்கு வேற மாதிரி வரும். சப்சிடி பிள்ளைக்கு பிள்ளை தனி, அப்ப படி மாறுற மாசம் கொஞ்சம் கடிக்கும். அதுக்காகவும் சம்பளத்த விடச் சொல்ல மாட்டேன், பிள்ளை 2, 3 வருஷத்துல தொடக்கப்பள்ளி போயிரும், சம்பளம் கூடவே இருக்கும்.

சைல்ட்கேர் வேணுமா கிண்டர்கார்டன் போதுமான்னு குழப்பம். நான் வீட்லதான் இருக்கேன், கணவருக்கு 8,000. – பொங்கோல்

உங்களுக்கு கிண்டர்கார்டன் பக்கம் பாக்கறது நல்லது. உங்க வருமானம் 6,000 தாண்டிருச்சு, நீங்க வேலைக்கு போகல, அதனால சைல்ட்கேர்ல 150தான். கிண்டர்கார்டனுக்கு கிஃபாஸ்னு தனி கட்டண உதவித் திட்டம், அதுல அம்மா வேலை பாக்கணும்னு நிபந்தனையே கிடையாது, குடும்ப வருமானம் 12,000க்குள்ள இருந்தா போதும், தலைக்கு கணக்கும் உண்டு. ஆனா எல்லா கிண்டர்கார்டன்லயும் செல்லாது, கல்வி அமைச்சு நடத்துற கிண்டர்கார்டன், இல்லன்னா ஆங்கர் ஆபரேட்டர் நடத்துறது, அதுல மட்டும்தான். ஆங்கர் ஆபரேட்டர் யாருன்னு கேட்டா 5 பேரு, பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல், எம்.ஒய். வேர்ல்ட், ஈ-பிரிட்ஜ், ஸ்கூல்ஃபோர்கிட்ஸ். நேரம் சில மணி நேரம்தான், நீங்க வீட்ல இருக்கறதால சமாளிச்சுக்கலாம்.

மகன் அடுத்த வருஷம் பி1 (தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு). இத்தன நாள் சைல்ட்கேர் சப்சிடியில ஓட்டினோம், வருமானம் 5,500. மாணவர் பராமரிப்பு நிலையத்துல கேட்டா "உங்க வருமானம் கூட, உதவி கிடைக்காது"ன்னுட்டாங்க. போன மாசம் வரைக்கும் தகுதி இருந்துச்சே, திடீர்னு பணக்காரன் ஆயிட்டோமா? – ஜூரோங் வெஸ்ட்

இந்த கேள்விய 4 பேரு கேட்டிருக்கீங்க, ஜூரோங் வெஸ்ட் வாசகர் கேட்ட விதம் பிடிச்சதால அத போட்டேன்.

பணக்காரன் ஆகல சார், திட்டம் மாறிருச்சு. பாலர் பருவம் வரைக்கும் இசிடிஏ சப்சிடி, அதுக்கு கோடு 12,000. 7 வயசுல தொடக்கப்பள்ளி போனதும் பள்ளி முடிஞ்சு பிள்ளைய பாத்துக்கறது மாணவர் பராமரிப்பு, அதுக்கு எஸ்சிஎஃப்ஏன்னு ஒரு உதவி, அது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சோட காம்கேர்ங்கிற உதவித் திட்டக் குடைக்குள்ள வருது, 7லருந்து 14 வயசு வரைக்கும். அதுக்கு கோடு குடும்ப வருமானம் 4,500, இல்லன்னா தலைக்கு 1,125. 12,000 எங்க 4,500 எங்க. முதல் திட்டம் நடுத்தர குடும்பம் வரைக்கும் நெனச்சு போட்டது, ரெண்டாவது குறைஞ்ச வருமானக் குடும்பத்துக்குன்னு மட்டும் போட்டது. திட்டம் போட்டவங்க பக்கத்துல இருந்து பாத்தா அது வேற இது வேற. பெத்தவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அம்மா அப்பா 6 மணிக்கு வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் பிள்ளைய யாரு பாக்குறதுங்கிற அதே கேள்விதான். 7 வயசு ஆச்சுன்னு பிள்ளை தனியா கதவ தொறந்து சோறு போட்டு சாப்டுமா? இந்த இடைவெளி பெரிசுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். வீட்ல எத்தனை பேருன்னு நீங்க எழுதவே இல்லையே சார்! 5,500 வருமானத்துல அம்மா அப்பா, 2 பிள்ளைங்க, தாத்தா பாட்டின்னு 6 பேரு இருந்தா தலைக்கு 917 கூட வரல, 1,125க்கு கீழ வந்துரும், தகுதி இருக்கு. 5 பேரு இருந்தாகூட 1,100, தப்பிச்சீங்க. 4 பேருன்னா 1,375, அப்ப கஷ்டம். நிலையத்துல கேட்டவங்க மொத்த வருமானத்த மட்டும் பாத்துட்டு சொல்லியிருக்கலாம், தலைக்கு கணக்கு போட சொல்லுங்க. ரெண்டு பேரும், அதாவது அம்மா அப்பா ரெண்டு பேரும் மாசத்துக்கு 56 மணி நேரமாச்சும் வேலை பாக்கணும்ங்கிறதும் இதுல உண்டு. தகுதி கொஞ்சத்துல தவறுனா, நிஜமாவே முடியாத நிலைமைன்னா, பக்கத்துல இருக்குற சமூக சேவை அலுவலகத்துல போயி பேசுங்க, அங்க உங்க வீட்டு நிலைமைய முழுசா கேப்பாங்க.

கணவருக்கு போன மாசம் ஆட்குறைப்புல வேலை போச்சு. சப்சிடி பழைய வருமானத்துலயே ஓடுது. – சுவா சூ காங்

கஷ்டமா இருக்கும்மா. சென்டர் ஆபீஸ்ல சொல்லி புது வருமானத்த வச்சு திருப்பி விண்ணப்பம் போடுங்க. அவங்க பழைய சிபிஎஃப் பதிவ பாத்து பழைய சம்பளத்தையே எடுத்துக்கலாம், அதனால வேலை நிறுத்தின கடிதத்த கையோட கொண்டு போங்க. சொல்லாம இருந்தா தானா யாருக்கும் தெரியாது. பிள்ளைய சென்டர்ல இருந்து நிறுத்திரலாமான்னும் கேட்டிருக்கீங்க, வேணாம், அவர் இண்டர்வியூக்கு போற அன்னைக்கு பிள்ளைய எங்க விடுவீங்க?

குழந்தை பிஆர் (நிரந்தரவாசி). நானும் பிஆர். கணவர் சிட்டிசன். சப்சிடி உண்டா? – பாசிர் ரிஸ்

சைல்ட்கேர் சப்சிடிக்கு குழந்தை குடிமகனா இருக்கணும், பெத்தவங்க யாருங்கிறது ரெண்டாவது. அப்பா சிட்டிசனா இருந்தும் குழந்தைக்கு இன்னும் குடியுரிமை எடுக்காம இருந்தா அத முதல்ல பாருங்க. ஆனா மாணவர் பராமரிப்பு உதவிக்கு பிஆர் பிள்ளையும் கேக்கலாம், நெருங்கின குடும்பத்துல ஒருத்தராச்சும் குடிமகனா இருந்தா போதும். அதுக்கு உங்க பிள்ளைக்கு 7 வயசு ஆகணும்!

டெபாசிட் கட்டவே காசு இல்ல, சேக்கறதுக்கே 2 மாசக் காசு கேக்குறாங்க, சப்சிடி அப்புறம்தானே வரும்? – தோ பாயோ

குறைஞ்ச வருமானக் குடும்பத்துக்கு ஸ்டார்ட்-அப் கிராண்ட்னு ஒண்ணு இருக்கு, டெபாசிட், பதிவுக் கட்டணம் மாதிரி முதல்ல ஒரே தடவ வர்ற செலவுக்கு. சென்டர்லயே கேளுங்க, அவங்க மூலமாத்தான் போகும். சென்டர்ல தெரியாதுன்னு சொன்னா சமூக சேவை அலுவலகம். 6 வயசுக்குள்ள பிள்ளை இருக்குற குறைஞ்ச வருமானக் குடும்பம்னா கிட்ஸ்டார்ட்ங்கிற உதவித் திட்டத்த பத்தியும் கேட்டு வைங்க, அவங்க ஆளு வீட்டுக்கே வந்து வழிகாட்டுவாங்க. வருமானம் 3,000க்குள்ள இருந்தா ஆங்கர் ஆபரேட்டர்ல முழுநாள் சைல்ட்கேருக்கு மாசம் 3 வெள்ளி வரைக்கும் இறங்குது, அதனால டெபாசிட்டுக்கு பயந்து பின்வாங்காதீங்க.

வீட்ல வேலை பாக்குற அக்காவையும் தலைக்கணக்குல ஒரு ஆளா சேத்துக்கலாமா? எங்க கூடத்தானே இருக்காங்க. – பிடோக்

சேக்க முடியாது. உறவு இல்லல்ல. அவங்க சம்பளமும் உங்க கணக்குல வராது, அதுக்கு சந்தோஷப்பட்டுக்கோங்க.